டிசி மோட்டார் போர்டு டிசைன்: கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட் மோட்டார், ஓடும்போது 1.2 ஆம்ப்தான் இழுக்கிறது. அதை ஓட்டும் டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) 2 ஆம்ப் இருந்தால் போதும்தானே சார்?

போதாது. நீங்கள் அளந்தது மோட்டார் சுழலும்போது வரும் கரண்ட். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும் சக்கரம் எங்காவது சிக்கும்போதும் எதிர் வோல்டேஜ் (சுழலும் மோட்டார் தானே உருவாக்கி சப்ளையை எதிர்ப்பது) உருவாகாது, கரண்டைத் தடுக்க சுருளின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் இருக்கும். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மல்டிமீட்டரில் அந்த ரெசிஸ்டன்ஸை நாலைந்து இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1.5 ஓம் என்றால் 12 வகுத்தல் 1.5, ஆக 8 ஆம்ப். மாஸ்ஃபெட் (கரண்டை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்), டிரேஸ் (போர்டில் உள்ள செம்புப் பாதை), கனெக்டர் எல்லாவற்றையும் இந்த 8-ஐ வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று ரிவர்ஸ் கொடுத்தால் எதிர் வோல்டேஜும் சப்ளையும் சேர்ந்துகொண்டு இதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும், அதனால் புரோகிராமில் வேகத்தைப் படிப்படியாக இறக்கிவிட்டு அப்புறம் திசையை மாற்றுங்கள்.

கேள்வி: எல்298 டிரைவர் ஐசி போடலாமா?

சின்ன மோட்டாருக்குப் போடலாம். ஆனால் அதற்குள் இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள், 1 ஆம்ப் ஓடினாலே 2 வோல்ட் அளவுக்கு அதிலேயே போய்விடும், அவ்வளவும் சூடுதான். 20 மில்லிஓம் மாஸ்ஃபெட் இரண்டு வழியாக அதே 1 ஆம்ப் போனால் இழப்பு வெறும் 0.04 வோல்ட். புதிதாக போர்டு போடுகிறவருக்கு நான் மாஸ்ஃபெட் பிரிட்ஜைத்தான், அதாவது மோட்டாரை இரண்டு திசையிலும் ஓட்ட நான்கு மாஸ்ஃபெட் சேர்ந்த அமைப்பைத்தான் சொல்வேன்.

கேள்வி: மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டும் சரியாகவில்லை.

கெப்பாசிட்டர் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது, கிரவுண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். 35 மைக்ரான் செம்பில் 1 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம் உள்ள டிரேஸ் சுமார் 25 மில்லிஓம், அதில் 8 ஆம்ப் போனால் 0.2 வோல்ட். மோட்டாரும் மைக்ரோகண்ட்ரோலரும் அந்த ஒரே டிரேஸைப் பகிர்ந்துகொண்டால் உங்கள் கிரவுண்ட் ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் அவ்வளவு ஆடுகிறது, டிரேஸின் இண்டக்டன்ஸ் தரும் ஸ்பைக் வேறு அதன் மேல் ஏறும். பிரிட்ஜுக்கு ஒட்டியே பெரிய எலக்ட்ரோலைட்டிக் ஒன்றும் செராமிக் ஒன்றும் வையுங்கள். மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட், கெப்பாசிட்டர் மூன்றும் சேர்ந்த அந்த வட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. கண்ட்ரோலர் பக்கத்து கிரவுண்ட் இந்த வட்டத்துக்குள் வராமல், சப்ளை நுழையும் இடத்தில் வந்து சேரட்டும். ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு டயோடும் தனி கெப்பாசிட்டரும் போட்டால், சப்ளை ஒரு கணம் சரிந்தாலும் கண்ட்ரோலர் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: டிரேஸ் அகலம்?

வெளி லேயரில், 35 மைக்ரான் செம்பில், சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் 8 ஆம்பைத் தொடர்ந்து கொண்டுபோக 5 மி.மீ.க்கு மேல் வேண்டும். டிரேஸ் வரைவதைவிட அந்த இடத்தை அப்படியே செம்பால் நிரப்பிவிடுங்கள், மாஸ்ஃபெட்டின் சூடும் அதிலேயே பரவும்.

கேள்வி: கண்ட்ரோலரின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டை நேரடியாக ஓட்டுகிறேன், ரொம்ப சூடாகிறது.

ஆகத்தான் செய்யும். அதன் டேட்டாஷீட்டில் உள்ள 17.5 மில்லிஓம், கேட்டில் (மாஸ்ஃபெட்டைத் திறக்கும் காலில்) 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது, 3.3-இல் அது பாதி திறந்த நிலையிலேயே நிற்கும். 2.5 வோல்ட் கேட்டுக்கே ரெசிஸ்டன்ஸ் குறிப்பிட்டிருக்கும் மாஸ்ஃபெட்டை எடுங்கள், இல்லை கேட் டிரைவர் போடுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் கட்டாயம் வேண்டும். பவர் கொடுத்ததும் பின்கள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும் அந்தச் சில நொடியில் மோட்டார் தானாக ஓடி, யாருடைய விரலாவது மாட்டிவிடக் கூடாது.

கேள்வி: பிடபிள்யூஎம் (வேகத்தைக் குறைக்க சப்ளையை வேகமாக ஆன், ஆஃப் செய்வது) 1 கிலோஹெர்ட்ஸில் கீச்சென்று சத்தம் வருகிறது. ஒற்றை மாஸ்ஃபெட்தான், மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டயோடு.

20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றினால் காதுக்குக் கேட்காது. ஆனால் 1என்4007 அந்த வேகத்துக்கு மிகவும் மெதுவானது, ஷாட்கி டயோடு மாற்றுங்கள்.

கேள்வி: போர்டு கைக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

மோட்டாரை மாட்டாமல், கரண்ட் லிமிட்டை 0.1 ஆம்பில் வைத்து சப்ளை கொடுங்கள். லிமிட் தொட்டால் உடனே நிறுத்தி, சால்டர் பாலம் எங்காவது இருக்கிறதா பாருங்கள். தொடவில்லை என்றால் மேல், கீழ் கேட் சிக்னல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். அது சரியென்றால் ஒரு பவர் ரெசிஸ்டரை லோடாக மாட்டி ஓட்டுங்கள், மோட்டார் அதற்கு அப்புறம்.