ஆஸ்வால்டின் குளங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாசியைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றிய கட்டுரையில் வில்லியம் ஆஸ்வால்டுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். பாசி எந்தக் குட்டையிலும் தானே வளர்கிறது. அதில் ஒரு பொறியாளர் செய்ய என்ன இருக்கிறது? இவ்வளவு மலிவான முறை என்றால் எல்லா ஊர்களிலும் ஏன் இல்லை?

க.

அன்புள்ள க.,

கழிவைத் தின்பது பாசி அல்ல, பாக்டீரியா. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வழக்கமான நிலையங்களில் பெரிய ப்ளோயர்களை வைத்துக் காற்றை ஊதுகிறார்கள். மின்கட்டணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. பாசியோ வெயிலைக் கொண்டு அதே தண்ணீருக்குள் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. பாக்டீரியா வெளியிடும் கரியமில வாயுவும் அம்மோனியாவும் அதற்கு உணவு.

இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்களாக்கி, குளம் கட்டும் அளவுக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்வால்டு. 1919-இல் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல், பொதுச் சுகாதாரம் இரண்டுக்கும் பேராசிரியராக இருந்தார், 2005-இல் மறைந்தார். ஹெரால்டு கோட்டாஸுடன் அவர் எழுதி 1957-இல் வெளியான ‘கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் ஒளிச்சேர்க்கை’ என்ற கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம்.

கணக்கு எளியது. 1 கிராம் பாசி வளர்ந்தால் சுமார் 1.6 கிராம் ஆக்சிஜன் வெளிப்படும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும் கழிவுநீருக்கு 125 மில்லிகிராம் பாசி வளர வேண்டும். அவ்வளவு வளர வெளிச்சம் வேண்டும், அடர்ந்த பாசிக்குள் வெளிச்சம் அதிக ஆழம் போகாது. அதனால்தான் குளத்தின் ஆழம் 30 முதல் 60 செ.மீ. வரையில் நிற்கிறது. தண்ணீர் கோடையில் 3, 4 நாள் தங்கினால் போதும். குளிர்காலத்தில் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். ஒரு நாளைக்கு 1,000 கனமீட்டர் கழிவுநீர், 5 நாள் தங்கல், 30 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 4 ஏக்கர் நீர்ப்பரப்பு ஆகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதுதான்: நிலம்.

குட்டைக்கும் இந்தக் குளத்துக்கும் உள்ள வேறுபாடு ஓட்டத்தில் இருக்கிறது. நீண்ட கால்வாயாக வளைத்துக் கட்டி, துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரை நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில் சுற்ற விடுகிறார்கள். 500 மீட்டர் சுற்றுள்ள, 30 செ.மீ. ஆழமான கால்வாயில் உராய்வு இழப்பு சுமார் 2 செ.மீ. உயரம்தான் (திருப்பங்களில் இன்னும் கொஞ்சம் கூடும்). சக்கரம் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினால் போதும். நன்றாகக் கலக்கட்டும் என்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் மின்திறன் 8 மடங்கு ஏறிவிடும். திருப்பங்களில் வழிகாட்டிச் சுவர் வைக்காவிட்டால் உள்மூலையில் நீர் தேங்கும். அங்கே பாசி படிந்து அழுகி நாறும்.

என் கணிப்பில் ஆஸ்வால்டின் பெரிய சாதனை இந்த ஆழமற்ற குளமல்ல, கழிவுநீர் முதலில் வந்து சேரும்படி அதற்கு முன்னால் அவர் வைத்த ஆழமான குளம். கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் உள்ள செயின்ட் ஹெலினா என்ற சிற்றூருக்காக 1960-களில் அதை அமைத்தார். குளத்தின் அடியில் ஒரு நொதிப்புக் குழி. கழிவுநீர் குழியின் அடியில் நுழைந்து மிக மெதுவாக மேலேறும். அந்த ஏற்றம் குடற்புழு முட்டைகள் கீழே படியும் வேகத்தைவிடக் குறைவு. எனவே முட்டைகள் குழியிலேயே தங்கிவிடுகின்றன. சகதி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து மீத்தேனாக மாறுவதால் அதை அடிக்கடி அள்ள வேண்டியதில்லை. காற்றடித்து மேல்நீர் குழிக்குள் புரளாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்பு உண்டு. ஆக்சிஜன் நிறைந்த பாசிநீரைத் திருப்பிக் கொண்டுவந்து இந்தக் குளத்தின் மேல்பரப்பில் விடுகிறார்கள். மேலேறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு) அந்த அடுக்கைத் தாண்டுவதற்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், நாற்றம் வெளிவராது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

மீதிப் பாதி விடை, வளர்ந்த பாசியைப் பிரிப்பது. 1970-களில் அமெரிக்க விதிகள் வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருளை லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வரையறுத்தன. குளத்து நீரிலோ பாசியே 100-க்கு மேல் இருக்கும். அதைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டால், பாசி செத்து அழுகி அங்கே திரும்பவும் ஆக்சிஜனைக் குடிக்கும். ஒற்றைச் செல்லாகத் திரியும் குளோரெல்லா என்ற பாசி எளிதில் படியாது. மைக்ராக்டினியம் போலக் கூட்டமாக வளர்பவை படியும். மெதுவான, நிற்காத கலக்கல் பாசி திரள உதவுகிறது. பிறகு 1, 2 நாள் படிவுக் குளத்தில் நிறுத்தினால் பாதிக்கு மேல் இறங்கிவிடும். அந்தப் பாசியை நொதிக்க வைத்து மீத்தேன் எடுத்து மின்சாரமாக்கலாம் என்று 1960-லேயே சக ஆய்வாளர் கிளாரன்ஸ் கோலூக்கியுடன் சேர்ந்து ஆஸ்வால்டு எழுதினார்.

குளம் திடீரென்று பச்சை இழந்து தெளிந்தால் மகிழ வேண்டாம். நீர்த்தெள்ளோ ரோட்டிஃபரோ (இரண்டும் பாசியை மேயும் நுண்ணிய நீர்வாழ் உயிர்கள்) பெருகிப் பாசியைத் தின்றுகொண்டிருக்கும். தங்கும் நாளைக் குறைத்தால் அவை பெருகுவதற்கு முன் நீரோடு வெளியேறிவிடும்.

நண்பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறி, அதைக் காட்டும் பிஎச் அளவு 9-ஐத் தாண்டும். கிருமிகள் சாகும், பாஸ்பரஸ் படியும். ஆனால் அம்மோனியாவில் அயனியாகாத (மின்னூட்டம் இல்லாத) பகுதி கூடி, உணவாக இருந்ததே பாசிக்கு நஞ்சாகும். இரவில் வெயில் இல்லாததால் பாசி ஆக்சிஜன் தராது, விடியலுக்கு முன் அது மிகக் குறைந்திருக்கும். ஆகவே ஆக்சிஜனை விடியலுக்கு முன்னும், பிஎச்-ஐப் பிற்பகலிலும் அளக்க வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு ஆக்சிஜன் அளந்தால் எந்தக் குளமும் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும்.