தோட்டத்துக்குத் திரும்பாதவர்கள்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ஹைட்டியை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், 'அடிமைகளே போராடி வென்று நாடு அமைத்த ஒரே இடம்' என்று. எனக்கு அதில் ஒரு நெருடல். வென்றார்கள் என்றால் அந்த நாடு இன்று ஏன் இப்படி இருக்கிறது? செய்தியில் வருவதெல்லாம் கும்பல் சண்டையும் பட்டினியும்தான். விடுதலை கிடைத்ததும் மிச்சமிருந்த வெள்ளையர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றார்கள் என்றும், தலைவர் தூசான் லூவெர்த்தூரே சர்வாதிகாரி மாதிரிதான் ஆண்டார் என்றும் படித்தேன். இதை வெற்றி என்பது நம்முடைய ஆசை மட்டும்தானோ?

நான் காரைக்கால்காரன். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் ஒருவர் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு குவாதலூப்புக்குக் கப்பலேறினார், திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பக்கத்துத் தீவுகள் மேல் அக்கறை வந்தது அதனால்தான்.

ம., காரைக்கால்

அன்புள்ள ம.,

ஒரே வரியில் முடித்தது என் தப்புதான். வேறு எதையோ சொல்லும் அவசரத்தில் இருந்தேன்.

உங்கள் கேள்வி முழுக்க 'நாடு' பற்றியது. 1791 ஆகஸ்ட் 22 ராத்திரி ஹைட்டியின் வடக்குச் சமவெளியில் கலகத்தைத் தொடங்கித் தீ வைத்த அடிமைகளின் மனதில் நாடு என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் மனதில் இருந்தது கரும்பு ஆலை.

பிரான்சின் காலனியாக இருந்த அப்போது ஹைட்டியின் பெயர் சான் தொமேங்க். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். 1789-ல் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள், 30,000 சொச்சம் வெள்ளையர்கள், ஏறக்குறைய அதே அளவுக்குக் கலப்பில் பிறந்தவர்களும் விடுதலை பெற்ற கறுப்பர்களும். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேலும், சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும் அங்கிருந்துதான் போயின. கரும்பு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வெட்டிய கரும்பை ஒரு நாளைக்கு மேல் போட்டுவைத்தால் சாறு புளித்துவிடும், ஆகவே வெட்டுக் காலத்தில் ஆலை ராத்திரியும் ஓடும். செங்குத்தாக நிற்கும் மூன்று உருளைகள், அவற்றை மாடோ தண்ணீரோ சுற்றும், இடையில் கரும்பைக் கையால் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். தூக்கம் சொக்கி விரல் உள்ளே போனால் உருளை முழுக்கையையும் இழுத்துக்கொள்ளும், நிறுத்துவதற்குள் ஆள் போய்விடும். அதற்காகப் பக்கத்திலேயே ஒரு வெட்டரிவாள் இருக்கும், கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற. ஆலையைக் காப்பாற்ற என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆள் செத்தால் வேறு ஆள். 1780-களின் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்து வருடத்துக்கு 30,000 பேருக்கு மேல் கொண்டுவந்து இறக்கினார்கள், அப்படி வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளைக்கூடத் தாண்டவில்லை.

அதனால்தான் அந்த ஆகஸ்டில் முதலில் எரிந்தது கரும்பும் ஆலையும். கலகத்துக்கு முன்னால் புவா கைமான் காட்டில் பூக்மான் என்ற அடிமையின் தலைமையில் எடுத்த சபதம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். பூக்மான் நவம்பரிலேயே கொல்லப்பட்டார், அவர் தலையை லெ காப் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். ஆனாலும் கலகம் அடங்கவில்லை.

'பிரெஞ்சுப் புரட்சிதான் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தது' என்று என் கட்டுரைக்கு வேறு சிலர் எழுதியிருந்தார்கள். கொடுக்கவில்லை ஐயா, பறிகொடுத்தது. 1793-ல் ஒரு பக்கம் ஸ்பெயின், இன்னொரு பக்கம் இங்கிலாந்து, கறுப்பர் படை தன் பக்கம் வராவிட்டால் காலனியே கைவிட்டுப் போகும் என்ற நெருக்கடியில்தான் பிரெஞ்சு ஆணையர் சோந்தொனாக்ஸ் ஆகஸ்ட் 29 அன்று வடக்கில் அடிமைமுறையை ஒழித்தார். பாரீஸ் அதை ஏற்று எல்லாக் காலனிகளுக்கும் சட்டமாக்கியது 1794 பிப்ரவரி 4. தீவில் நடந்து முடிந்ததற்கு அங்கே முத்திரை போட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, தூசான். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஒரு தோட்டத்தில் வண்டியோட்டியாக இருந்து, புரட்சிக்கு முன்பே விடுதலை பெற்றவர். ஸ்பெயின் பக்கம் போய், 1794-ல் பிரான்ஸ் பக்கம் திரும்பி, இங்கிலாந்துப் படையை 1798-ல் வெளியேற வைத்தவர். 1801-ல் தனக்குத்தானே ஆயுட்கால ஆளுநர் பதவி கொடுத்து ஓர் அரசியல் சட்டமும் போட்டார். ஏற்றுமதி இல்லாமல் துப்பாக்கி வாங்க முடியாது, தோட்டம் ஓடாமல் ஏற்றுமதி கிடையாது, இது அவர் கணக்கு. அதனால் விடுதலை பெற்ற ஜனங்களைச் சிப்பாய் வைத்துப் பழைய தோட்டங்களிலேயே கட்டிப்போட்டார். சவுக்கு இல்லை, விளைச்சலில் கூலியாகப் பங்கு உண்டு, ஆனால் விட்டுப் போகக் கூடாது. அந்த வருடமே வடக்கில் தோட்ட ஆட்கள் அவருக்கு எதிராக எழுந்தார்கள். அதற்குப் பொறுப்பாளி என்று சொல்லித் தன் சொந்த வளர்ப்பில் வந்த தளபதி மொயீஸையே சுடச்சொன்னார் தூசான்.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படும் இடம் இதுதான். தளபதிகளுக்கு வேண்டியது தோட்டம், ஜனங்களுக்கு வேண்டியது துண்டு நிலம். அடிமைக் காலத்திலேயே தோட்டத்து ஓரத்தில் கிழங்கும் வாழையும் போட்டுக்கொள்ள ஒரு மூலை விட்டிருந்தார்கள், அது தயவில் அல்ல, சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க. அந்த மூலைதான் அவர்களுக்கு விடுதலை எப்படி இருக்கும் என்பதன் மாதிரி. கலகத்தின் ஆரம்ப நாட்களில் வந்த கோரிக்கைகளில் ஒன்று, வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு.

நெப்போலியன் அனுப்பிய அவன் மைத்துனன் லெக்லேர் 1802 பிப்ரவரியில் பெரும்படையோடு வந்து இறங்கினான். சில மாதங்களில் தளபதிகள் ஒவ்வொருவராகப் பணிந்தார்கள். கிறிஸ்தோஃப், தெசலீன், தூசானும்கூட. தூசானைப் பேச்சுக்குக் கூப்பிட்டுக் கைது செய்து பிரான்சுக்கு அனுப்பினார்கள், அடுத்த ஏப்ரலில் ஜூரா மலைக் கோட்டையின் குளிரில் செத்தார். தெசலீனும் கிறிஸ்தோஃபும் லெக்லேருக்காகவே கலகக்காரர்களை வேட்டையாடினார்கள், ஆமாம், இதுவும் நடந்தது. அந்தக் கோடை முழுக்க மலையில் நின்று சண்டை போட்டது பெயர் தெரியாத சின்னச் சின்னக் கூட்டங்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். லெக்லேர் வீடு வீடாகத் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துக் குவாதலூப்பில் அடிமைமுறை திரும்பிவிட்ட சேதி வந்தது. அப்புறம் யார் கொடுப்பார்கள் துப்பாக்கியை? அக்டோபரில் அவன் நெப்போலியனுக்கு எழுதுகிறான், மலையில் இருக்கும் கறுப்பர்களை ஆண் பெண் எல்லோரையும் அழிக்க வேண்டும், 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மட்டும் விடலாம் என்று. அடுத்த மாதம் மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், அவன் படையில் பெரும்பகுதியும் அதே வழியில். காற்று மாறுவது தெரிந்த பிறகுதான் தளபதிகள் திரும்பி வந்தார்கள். 1803 நவம்பர் 18 வெர்த்தியேரில் கடைசிச் சண்டை, 1804 ஜனவரி 1 கொனாயிவில் விடுதலைப் பிரகடனம். எசமானர் மேசைக்கு மட்டும் போன பூசணி சூப்பை அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ம் ஹைட்டியர்கள் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

கொலைகள் நடந்தன. 1804-ன் முதல் மாதங்களில், புது நாட்டின் தலைவராகிவிட்ட தெசலீன் உத்தரவில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள், நீங்கள் சொன்னபடி பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. லெக்லேருக்குப் பின் வந்த ரொஷாம்போ கியூபாவிலிருந்து நாய்களை வரவழைத்துக் கறுப்பர்கள் மேல் ஏவினான், ஆட்களைக் கூட்டமாகக் கடலில் மூழ்கடித்தான் என்பதெல்லாம் இது ஏன் நடந்தது என்று புரியவைக்கும். அதைச் சொல்லிக் குழந்தைகளைக் கொன்றதை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு: பிரெஞ்சுப் படையில் வந்த போலந்துக்காரர்களை விட்டுவிட்டார்கள், குடியுரிமையும் கொடுத்தார்கள்.

வறுமைக்கு வருகிறேன். 1825-ல் பிரான்ஸ் 14 போர்க்கப்பலோடு வந்து நின்றது. உன்னைத் தனி நாடு என்று ஒத்துக்கொள்ள வேண்டுமா, தோட்டம் இழந்தவர்களுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி ஃபிராங்க் கொடு என்றது. அந்த நஷ்டக் கணக்கில் மனிதர்களும் சொத்து. முதல் தவணை 3 கோடிக்கே ஹைட்டியிடம் பணமில்லை, பாரீசிலேயே கடன் வாங்கியது. 3 கோடிக்குக் கையெழுத்து, கைக்கு வந்தது 2.4 கோடி. முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது நம் ஊர்க் கந்துவட்டிக்காரருக்குத் தெரிந்த வித்தைதான். 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள், ஆனால் கடனுக்கு மேல் கடன் என்று இழுத்து கடைசிக் கணக்கு தீர்ந்தது 1947-ல். அதைக் கட்டியது பெரும்பாலும் காப்பி மேல் போட்ட வரி, அதாவது சண்டை போட்டு வாங்கிய துண்டு நிலத்தில் நாலு காப்பிச் செடி வைத்திருந்த அதே ஜனங்கள். எல்லாவற்றையும் 1825 தலையில் கட்டிவிட மாட்டேன். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை உட்கார்ந்திருந்தது, 1957 முதல் 1986 வரை சர்வாதிகாரிகளான தூவாலியே அப்பனும் மகனும் சுரண்டினார்கள், அதற்குப் பிறகு நடந்ததும் சின்னதில்லை. ஆனால் தோற்றவனுக்குக் கொடுக்கப் பட்ட கடனை ஜெயித்தவன் 122 வருடம் கட்டிய கதை வேறெங்காவது இருந்தால் எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன். குவாதலூப்பிலும் 1802 மே மாதம் கறுப்பர் படை எதிர்த்து நின்றது. அதன் தலைவர் லூயி தெல்கிரே மத்தூபா என்ற இடத்தில் சூழப்பட்டபோது தன் ஆட்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டு செத்தார். அங்கே தோற்றார்கள். அடிமைமுறை 1848 வரை நீடித்தது, அது போனதும் அந்தத் தோட்டங்களுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தியக் கூலிகளோடு முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது, அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் 40,000 பேருக்கு மேல், புதுச்சேரியிலும் உங்கள் காரைக்காலிலும் ஏறியவர்கள் அதில் ஏராளம். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் இன்றைக்கும் அங்கே 'மாலியேமின்' என்ற பெயரில் இருக்கிறாள்.

ஹைட்டிக்கு அப்படி ஒரு கப்பலும் போகவில்லை. ஆள் இறக்கிக்கொள்ளத் துறையில் காத்திருக்கும் தோட்டத்துக்காரன் அங்கே இல்லை.