கயிறு பிடித்தவரின் பங்கு

கேள்வி: நிலாவெளிக் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரை நான் எடுத்த படத்தை, ஒரு ஹோட்டல் கேட்காமலே தன் விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறது. என் பெயரும் இல்லை. போய்க் கேட்டால், "கடல் என்ன உங்கட சொத்தா தம்பி?" என்கிறார்கள். போதாததற்கு, பலகையைப் பார்த்த அந்தப் பெரியவரும் என்னிடம் காசு கேட்கிறார். பொது இடத்தில் நின்றவரை எடுத்ததற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? படம் யாருடையது?
பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: படத்தில் பெயர் போடவில்லை என்று கொதிக்கிறீர்கள், கேள்விக்குக் கீழே பெயர் வேண்டாம் என்கிறீர்கள். போகட்டும்.

படம் உங்களுடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை தருகிறது. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். பெயர் போடச் சொல்லும் உரிமையும் உண்டு. (சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்துக்காக எடுத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், உரிமை முதலாளிக்கு.)

கடல் உங்கள் சொத்தல்ல என்று ஹோட்டல்காரர் சொன்னது சரிதான். திருகோணமலைக் கோணேசர் கோயில் மலையில் நீங்கள் நின்ற இடத்திலேயே நாளை இன்னொருவர் நின்று அதே சூரிய உதயத்தை எடுத்தால், நீங்கள் வாய் திறக்க முடியாது. கோட்டைக்குள் மேயும் மான்கள் எத்தனை பேருடைய படத்தில் நிற்கின்றன! ஆனால் அவருடைய பலகையில் இருப்பது கடலா? நீங்கள் எடுத்த படம். கமராவில் இருக்கும் அசலை அழித்துவிடாதீர்கள். பலகையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, தொகை குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். வழக்கென்று போனால் கொழும்புக்கு இரவு ரயில் ஏற வேண்டிவரும். அதற்கு முன் பேசித் தீர்ப்பது இருவருக்கும் லாபம்.

இனிப் பெரியவரின் விஷயம். "கடல் பொதுதானே" என்ற பேச்சு உங்களுக்குச் சுட்டது. "பொது இடம்தானே" என்று அவருக்குச் சொல்ல மட்டும் நா எழுகிறதே!

முகத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பிள்ளைகளோடு கூடாரத்தில் கிடந்த ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கே படம் எடுத்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அரச வேலையாக எடுத்த படம் என்பதால் லாங்கேக்கும் அதில் பதிப்புரிமை இல்லை. யாரும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அந்தத் தாய் யாரென்று ஊருக்குத் தெரியவே 40 ஆண்டுகளுக்கு மேலானது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் கசந்து சொன்னார். சட்டப்படி பார்த்தால் ஒருவரும் குற்றவாளி இல்லை.

உங்கள் கரையில் இதைவிட நல்ல வழக்கம் இருக்கிறது. தோணியும் வலையும் சம்மாட்டி என்ற முதலாளியுடையவை. ஆனாலும் மீன் சேரும் வலைமடி கரையேறி மீன் விலைப்பட்டதும், கயிறு பிடித்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். உங்கள் படத்தில் கமரா உங்களுடையது, கயிறு பிடித்தவர் அவர். ஹோட்டலுக்கு எழுதும் தொகையில் அவருடைய பங்கையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முதல் அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் அது எங்கும் இல்லை.