இளையோர் அலமாரி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பதில் சொல்ல எடுத்துக்கொண்டவை எல்லாமே வட சென்னையிலிருந்து வந்த கேள்விகள்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். நூலகத்தில் கேட்டால் ஒன்று முயல், நரி கதை தருகிறார்கள். இல்லையென்றால் தலையணை மாதிரி சரித்திர நாவலைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். நடுவில் எதுவுமே கிடையாதா? ‘இளையோர் நாவல்’ என்கிறார்களே, அது என்ன?
– ஒரு தாய், காசிமேடு

நீங்கள் கேட்கும் அந்த நடுவில் இருப்பதுதான் இளையோர் நாவல். ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு இதற்கு 12 முதல் 18 வயது என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் வயதைப் பிடித்துக்கொண்டு புத்தகம் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். கதை யாருடைய கண் வழியாகப் போகிறது, முடிவை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிறது, அப்பா வீட்டில் இருக்கிறார், கையில் காசில்லை. இதைச் சிறுவர் கதையாக எழுதினால் பையனும் நண்பர்களும் ஏதோ முயற்சி செய்வார்கள். கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து சிக்கலை அவிழ்த்துவிடுவார். பெரியவர்களுக்கான நாவலில் அதே பையன் 40 வயதில் உட்கார்ந்து அந்தக் கோடையை நினைத்துப் பார்ப்பான். அன்று புரியாதது இன்று புரிகிறது என்ற தொனி இருக்கும். இளையோர் நாவலில் அவனுக்கு இப்போதுதான் 15 வயது. ட்யூஷன் பணத்தை அம்மாவிடமே கொடுத்துவிடலாமா, ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகலாமா, அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா, எல்லாம் அவன்தான் முடிவு செய்தாக வேண்டும். அது தப்பாகவும் போகலாம். நாளைக்கு என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது.

தமிழில் இந்த வகை இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது. 2023-ல் சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. 12, 13 வயதுக்குக் கச்சிதம். உங்கள் மகனுக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வகுப்பில் கேள்வி கேட்டே ஆசிரியர்களிடம் அடிபடும் ஒரு மாணவியின் கதை. முடிவு கனமானது. நீங்களும் படித்துவிடுங்கள், அவன் பேச வந்தால் பேச முடியும்.

அண்ணா, நான் பிளஸ் ஒன். ஃபிரண்டு சொன்னான்னு ‘தி ஹங்கர் கேம்ஸ்’ எடுத்தேன். நாப்பது பக்கத்தோட மூடி வெச்சிட்டேன். இங்கிலீஷ் சரியா வராதவன் இதெல்லாம் தொடக்கூடாதா?
– மாணவர், வியாசர்பாடி

தாராளமாகத் தொடலாம், தம்பி. உங்களைத் தடுக்கி விட்டது இங்கிலீஷ் மட்டும் இல்லை. சூசன் காலின்ஸ் 2008-ல் எழுதிய அந்த நாவலில் வாக்கியங்கள் சின்னவைதான். ஆனால் 16 வயதுப் பெண் நிகழ்காலத்திலேயே கதை சொல்லிக்கொண்டு போகிறாள். கூடவே அந்த உலகத்துக்கென்றே உருவாக்கிய ஊர்ப் பெயர், சடங்குப் பெயர் எல்லாம் முதல் சில பக்கங்களிலேயே வந்து குவிகின்றன. அவற்றை அகராதியில் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றதும் நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றிவிடும். அந்தப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிப்பதிலும் தப்பே இல்லை. முகங்கள் மனதில் இருந்தால் பெயர்கள் குழப்பாது.

எந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் ஆறு மாதம் காத்திருக்கட்டும். இரண்டு, மூன்று என்றால் எடுத்துக்கொள்ளலாம். படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் போனைத் திறக்காதீர்கள். திறந்தால் கதை அறுந்துவிடும், பிறகு வாட்ஸப்தான். பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே போங்கள். அத்தியாயம் முடிந்ததும், மூன்று தடவை எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் அர்த்தம் பாருங்கள். இரவல் புத்தகம் என்றால் பென்சில் வேண்டாம், துண்டுச் சீட்டே போதும்.

உங்களுக்கு நாங்கள் முதலில் எடுத்து வைப்பது ஜேசன் ரெனால்ட்ஸ் 2017-ல் எழுதிய ‘லாங் வே டவுன்’. நாவல் முழுக்க வசன கவிதை. ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான், மீதி வெறும் வெள்ளை. அண்ணனைச் சுட்டவனைத் தீர்த்துக்கட்டப் புறப்பட்ட 15 வயதுப் பையன் லிஃப்டில் கீழே இறங்குகிறான். அந்த ஒரு நிமிடம்தான் கதை. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு மாலையில் முடிந்துவிடும். முடிவு சிலருக்கு எரிச்சலூட்டும். எங்களுக்குப் பிடித்ததே அந்த முடிவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 12 பிள்ளைகளை வைத்து வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். நானே தேடித் தேடி நல்ல புத்தகமாகக் கொடுக்கிறேன். படிக்காமலே திரும்பி வருகின்றன. எங்கே தப்பு?
– ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

டீச்சர், ‘நல்ல புத்தகம்’ என்று நீங்கள் சொல்லும் இடத்திலேயே பாதிப் பிள்ளைகள் கழன்றுகொண்டிருப்பார்கள். விருது வாங்கியது, கருத்துள்ளது, உனக்கு உபயோகமாக இருக்கும் என்று சொல்லி நீட்டினால் அது அவர்கள் காதில் வீட்டுப்பாடம் என்றுதான் விழும்.

புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்டால் படித்துப் பழகாத பிள்ளை திருதிருவென்று விழிக்கும். ‘எந்தப் படத்தை ரெண்டாவது தடவை பார்த்தே? எந்த சீன் வந்ததும் போனை எடுத்தே?’ என்று கேளுங்கள். ஒருவன் சண்டைக் காட்சியில் போனை எடுக்கிறான் என்றால் அவனுக்கு வேண்டியது வேகமில்லை. மனிதர்களும் அவர்களுக்குள் இருக்கும் உறவும். இன்னொருத்தி அந்த வில்லன் ஏன் அப்படி ஆனான் என்றே பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேறு புத்தகம். பேய்க்கதை பிடிக்கும் என்பவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: பயம் பிடிக்குமா, மர்மம் அவிழ்வது பிடிக்குமா? இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது எடுத்துச் சொல்லும் விதம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. யார், என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். லூயிஸ் சாக்கர் 1998-ல் எழுதிய ‘ஹோல்ஸ்’ நாவலை இப்படிச் சொல்லலாம்: “ஒரு பையன். திருடாத ஷூவுக்காகத் திருட்டுப் பட்டம். தண்டனைக்குக் கொண்டுபோய் விட்ட இடத்தில் தண்ணீரே இல்லாத ஏரி. தினமும் ஒரு குழி வெட்டணும், அஞ்சடி ஆழம், அஞ்சடி அகலம். ஒழுக்கம் வருவதற்காகத்தான் வெட்டச் சொல்கிறோம் என்கிறார்கள். ஆனா குழியில் ஏதாவது கிடைத்தால் உடனே கொண்டுவந்து காட்டணுமாம். ஏன்?” இங்கே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசையில் வையுங்கள். கையில் திணிக்காதீர்கள். 50 குட்டி அத்தியாயங்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பக்கம் எண்ணிப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒருவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு புத்தகம் காட்டுங்கள். ஒன்று மட்டும் காட்டினால் கட்டளை மாதிரி ஆகிவிடும். பத்து காட்டினால் எதையும் எடுக்க மாட்டார்கள். 30 பக்கம் படித்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். திரும்பி வரும்போது ‘ஏன் முடிக்கலை?’ என்று கேட்டால் அடுத்த வாரம் பொய் சொல்வார்கள். ‘எந்தப் பக்கத்தில் விட்டே?’ என்று கேளுங்கள். மூன்று பேர் அதே 25-ஆம் பக்கத்தில் விட்டிருந்தால் கோளாறு புத்தகத்தில். ஒருவர் மட்டும் என்றால் பொருத்தம் சரியில்லை, அவ்வளவே.

12 பேருக்கும் ஒரே புத்தகம் வேண்டாம். வேகமாகப் படிக்கிறவர் முடிவை உடைத்துவிடுவார், மெதுவாகப் படிக்கிறவர் ஒளிந்துகொள்வார். அதற்காக 12 வெவ்வேறு புத்தகமும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து படிப்பார்கள், வழியில் பேசிக்கொள்வார்கள். தொடர் நாவல் என்றால் முதல் பாகத்தில் மட்டும் மூன்று பிரதி, மற்றவற்றில் ஒன்று போதும்; எல்லோரும் இரண்டாம் பாகத்துக்கு வருவதில்லை. 12, 13 வயதுக்காரர்களையும் 16, 17 வயதுக்காரர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பெரியவர்கள் எதிரில் சின்னவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். சின்னவர்கள் எதிரில் பெரியவர்கள் காதல் கதை எடுக்க மாட்டார்கள். புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரியும்படி சாய்த்து வையுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கலாம்.

என் மகளுக்கு 15 வயது. அவள் படிக்கும் கதைகளில் காதல், சாவு, தற்கொலை என்று வருகிறது. தடுக்கலாமா?
– ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

பிடுங்கினால் போனில் படிப்பாள், உங்களிடம் சொல்லாமல். அந்தப் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். நேரமில்லை என்றால் முதல் இரண்டு அத்தியாயம், நடுவில் ஒன்று, கடைசி இரண்டு. தற்கொலை வரும் கதையில் கவனிக்க வேண்டியவை குறிப்பாகச் சில உண்டு: எப்படிச் செய்தார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறதா, செத்துப்போனதால்தான் எல்லோருக்கும் புத்தி வந்தது என்பதுபோல் கதை முடிகிறதா, உதவி கேட்கக்கூடிய ஓர் ஆளாவது கதைக்குள் இருக்கிறாரா? முதல் இரண்டுக்கு ஆமாம் என்றும் கடைசிக்கு இல்லை என்றும் பதில் வந்தால் அது சரியாக எழுதப்பட்ட புத்தகம் இல்லை. அதை மகளிடம் நேராகவே சொல்லுங்கள். காதல் வருவதை நாங்கள் குறையாகவே எண்ணுவதில்லை. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் காதல் என்று காட்டும் கதை என்றால் அதைப் பற்றி அவளோடு வாக்குவாதம் செய்யலாம், அருமையான வாக்குவாதமாக இருக்கும்.

புத்தகத்தைத் தாண்டி, மகள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருக்கிறாள் என்றால் கதை வேறு, கவலை வேறு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் மனநல ஆலோசகர்களோடு இலவசமாகப் பேசலாம்.

வட சென்னை என்றாலே கத்தியும் ரவுடியும்தானா? எங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்கான கதை எங்கே?
– கல்லூரி மாணவி, எண்ணூர்

நியாயமான கோபம். கேரம், கால்பந்து, பாக்ஸிங், கானா, சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆறு, துறைமுக லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போகும் சைக்கிள், இத்தனையும் இருந்தும் இந்தப் பக்கத்துப் பதின்வயதுப் பெண்ணை நடுவில் வைத்த இளையோர் நாவல் என்று கையில் எடுத்துக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தார்த்த சர்மா ஆங்கிலத்தில் எழுதிய ‘இயர் ஆஃப் தி வீட்ஸ்’ ஒடிசாவில் மலையைக் குடைய வரும் சுரங்கக் கம்பெனியையும் அதை எதிர்கொள்ளும் கோண்டு இனப் பையனையும் பற்றியது. எண்ணூரில் இருப்பவருக்கு அதில் விளக்கவுரை தேவைப்படாது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’. கொலை வழக்கில் மாட்டிய 16 வயதுக் கறுப்பினப் பையன் தன் விசாரணையைத் தானே திரைக்கதையாக எழுதுகிறான். ஏரியாவையும் முகத்தையும் பார்த்தே ஆளைத் தீர்மானிக்கிறவர்கள்தான் அந்தக் கோர்ட் முழுக்க. அமெரிக்க இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2000-ல் தொடங்கியபோது முதலில் பெற்றது இதுதான். தமிழில் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’, ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவர்களின் உலகம். இளையோருக்கென்று எழுதியதல்ல; கொங்கு வட்டார வழக்கு முதல் 20 பக்கம் கொஞ்சம் சிரமப்படுத்தும். 16 வயதுக்கு மேல் துணிந்து கொடுக்கலாம்.

இவ்வளவு புத்தகம் சொல்கிறீர்கள், வாங்கக் காசு?
– வாசகர், பெரம்பூர்

முதலில் கிளை நூலகம். உங்களுக்கு வேண்டிய புத்தகம் இல்லையென்றால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி, பொதுவாக 10 சதவீதம் தள்ளுபடி. பெரம்பூர்க்காரர் சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் வந்து மெட்ரோ பிடிக்கலாம். விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கமிருந்து வருபவர்களுக்கு நீல வழித்தடம் மாறாமலே நந்தனத்தில் இறக்கிவிடும். பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த கடைக்காரர்களுக்குக் கொடுத்த இடம்.

பழசு வாங்கும்போது அட்டையில் தொடரின் எத்தனையாவது பாகம் என்று பாருங்கள். மூன்றாம் பாகத்தை வாங்கி வந்து திண்டாடுபவர்கள் ஏராளம். நடைபாதையில் புத்தம் புதிதாகப் பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு. எழுத்து மங்கியிருக்கும், ஓரம் கோணலாக வெட்டியிருக்கும், நடுவில் 16 அல்லது 32 பக்கம் அப்படியே விட்டுப்போயிருக்கும். பக்க எண்களை விரலால் தள்ளிப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

எனக்கு 52 வயது. பேத்திக்கு வாங்கும் நாவல்களை நானே முதலில் படித்துவிடுகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

செய்யட்டும். மார்கஸ் ஜூசாக்கின் ‘தி புக் தீஃப்’ ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது, அமெரிக்காவில் அதையே இளையோர் அலமாரியில் வைத்தார்கள். புத்தகம் ஒன்றுதான். பேத்திக்குக் கொடுக்கும்போது முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா.