பழைய மாஸி பெர்குசன் 35: பின் சக்கர அகலத்தைக் கூட்டப் புது ரிம் வாங்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தாத்தா காலத்து மாஸி பெர்குசன் 35 டிராக்டர் ஒன்றைச் சரிசெய்து ஓட்டுகிறீர்கள். பின் சக்கரங்களின் நடுவுக்கு நடு இப்போது 52 அங்குலம். 90 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்ட பருத்திக்குள் களை உழவு ஓட்ட அது தோதுப்படவில்லை. பட்டறையில் கேட்டால் புது ரிம் வாங்கு, இல்லாவிட்டால் இடையில் வளையம் வைத்து வெல்டிங் செய்து தருகிறோம் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலது சக்கரத்தை இடப்பக்கமும் மாற்றிப் போடுங்கள். 52 போய் 72 ஆகிவிடும். கூட நிற்கும் இரண்டு ஆட்களுக்கு டீயும் வடையும்தான் செலவு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வண்டியின் பின் சக்கரம் ஒரே துண்டு அல்ல. நடுவில் சட்டி மாதிரிக் குழிந்த டிஸ்க் இருக்கிறது. அதை ஹப்பில், அதாவது அச்சின் முனையில் சக்கரம் மாட்டும் தட்டில், 8 நட்டுகள் பிடித்திருக்கும். அதற்கு வெளியே டயர் ஏறிய ரிம். ரிம்மின் உள்வட்டத்தில் காது காதாகப் பற்றவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க்கின் விளிம்பு அந்தக் காதுகளில்தான் போல்ட்டாகிறது. காதுகள் ரிம்மின் நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். வேண்டுமென்றே செய்தது அது.

டிஸ்க்கின் குழிவை உள்பக்கமாகவும் வைக்கலாம், வெளிப்பக்கமாகவும் வைக்கலாம். காது ஒதுங்கிய பக்கம் உள்ளே பார்க்கவும் ரிம்மைத் திருப்பலாம், வெளியே பார்க்கவும் திருப்பலாம். டிஸ்க்கைக் காதுக்கு இந்தப் பக்கமும் பிடிக்கலாம், அந்தப் பக்கமும் பிடிக்கலாம். இரண்டு இரண்டாக மூன்று விஷயம், ஆக எட்டு அகலம்: 48, 52, 56, 60, 64, 68, 72, 76 அங்குலம். ஒவ்வொரு படிக்கும் 4 அங்குலம், அதாவது ஒரு பக்கத்துக்கு 2. ஹாரி பெர்குசன் 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரிக்கத் தொடங்கிய சின்னச் சாம்பல் நிற டிஇ20 வண்டியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. 1956-ல் வந்த 35-க்கும் அதுவே வந்து சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் அப்போது உருளைக்கிழங்குக்கு 28 அங்குலத்தில் பார் பிடித்தார்கள். இரண்டு பாரை நடுவில் விட்டு ஓட்ட 56 வேண்டும், வேறு பயிருக்கு வேறு அளவு வேண்டும். அதற்காக ஒரு விவசாயி இரண்டு ஜோடிச் சக்கரம் வாங்குவாரா?

உங்கள் கணக்கும் அதே கணக்குதான். 90 சென்டிமீட்டர் பருத்தியில் இரண்டு வரிசையை நடுவில் விட்டு, அடுத்த இடைவெளிகளின் நடுவில் சக்கரம் போக வேண்டும். அப்படியானால் 180 சென்டிமீட்டர், 71 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 72-ல் வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். விதைத்தவர் கை அதைவிட அதிகம் ஆடியிருக்கும், விடுங்கள். இதே மாதிரி 60 சென்டிமீட்டர் மக்காச்சோளத்துக்கு 48, 75 சென்டிமீட்டர் பருத்திக்கு 60 என்று பொருத்திக்கொள்ளலாம்.

சரி, மாற்றிப் போட்டால் ஏன் சரியாக 72? சக்கரத்தைப் பிரிக்காமல் அப்படியே எதிர்ப்பக்கம் கொண்டுபோனால், ஹப் முகத்திலிருந்து டயர் எவ்வளவு உள்ளே தள்ளி இருந்ததோ அவ்வளவு வெளியே போய்விடும். எட்டு அளவுக்கும் நடு 62. அதனால் 48 போட்டிருந்தால் 76 ஆகும், 52 என்றால் 72, 56 என்றால் 68, 60 என்றால் 64. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 124 வரும். டிஸ்க்கையும் ரிம்மையும் பிரிக்க வேண்டியது இந்த ஜோடிகளைத் தாண்டி வேறு அளவு வேண்டும்போதுதான். ஐம்பது வருடத் துரு ஏறிய அந்தக் காது போல்ட்டுகளைத் தொடாமல் தப்பிப்பது சின்ன லாபம் இல்லை. ஆனால் இடையில் யாராவது வேறு வண்டியின் ரிம்மைக் கொண்டுவந்து மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முதலில் அளந்து பாருங்கள். டயரின் நடுவைத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். ஒரு டயரின் வெளி ஓரத்திலிருந்து மறு டயரின் உள் ஓரம் வரை டேப் பிடித்தால் அதுவே நடுவுக்கு நடு. மேலே சொன்ன எட்டில் ஒன்று வந்தால் நம்பி இறங்கலாம்.

இங்கேதான் நான் ஒரு தடவை முட்டாளானேன். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகும்போது அரை வட்டம் திருப்பிவிட்டோம். குழிவு வெளிப்பக்கம் வரவில்லை, அகலமும் மாறவில்லை, டயர் மட்டும் தலைகீழ். பின் டயரில் இருக்கும் கட்டைகள் அம்பு முனை மாதிரி இருக்கிறதல்லவா, வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது வீட்டு முகடு மாதிரி முனை மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் நடுப்பகுதி முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை இரண்டு ஓரமும் தள்ளிவிட்டுச் சுத்தமாகும். தலைகீழாகப் போட்டால் கரிசலில் ஒரு மழை ஈரத்துக்கே டயர் உருண்டையாக மண்ணைச் சுற்றிக்கொண்டு வழுக்கும். அன்றைக்கு ஓடை ஓரத்தில் நின்றுபோய், பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஒரு ஜோடி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

ஆகவே கழற்றும் முன்பே சாக்பீஸ் எடுத்து, இரண்டு டயரின் மேல்முதுகிலும் முன்னோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். சக்கரத்தைத் திருப்பாமல் அதே முகம் அதே திசை பார்க்க, பக்கவாட்டில் நகர்த்துவது மாதிரி எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். மாட்டிய பிறகும் அம்பு முன்னோக்கி இருந்தால் சரி.

தூக்கும் வேலைதான் ஆபத்தானது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். களத்து மேட்டில் சிமென்ட் தளம் இருந்தால் அங்கே செய்யுங்கள், காட்டில் வேண்டாம். கரிசலில் ஜாக்கி சத்தமில்லாமல் இறங்கும். கியரில் போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம்: ஒரு பின் சக்கரம் காற்றில் நின்றால், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அது சும்மா சுழலும், தரையில் இருக்கும் சக்கரத்தைக் கியர் பிடிக்காது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். அப்புறம் இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடும். பின்னால் தூக்கியவுடன் வண்டி முழுதும் அந்த ஒரு முளையில் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். முன் அச்சுக்கும் மேலே இருக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கிவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

சக்கரங்கள் இடம் மாறுவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றித்தான் ஆக வேண்டும். பின் அச்சுக் கூட்டின் இரு பக்கமும் கனத்த பனங்கட்டையோ பழைய ரயில் கட்டையோ அடுக்கி, வண்டியை அதன் மேல் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியில் விட்டுவிட்டு அடியில் கை நுழைக்க வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லை அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நொறுங்கும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி டீசல் ஊற்றி வைத்தால் காலையில் மரியாதையாகக் கழலும்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று வால்வை மேலே கொண்டுவராமல் அடியில் வைத்து அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் பீச்சினால் முதலில் அதை இறக்குங்கள். இந்த அளவு டயரில் முக்கால் பங்கு தண்ணீர் என்றால் சுமார் 150 கிலோ கூடும். சாய்ந்தால் ஆள் பிடித்து நிறுத்த முடியாது.

முன் சக்கரத்தை மறந்துவிடாதீர்கள், அதுவும் அதே தடத்தில் போக வேண்டும். 35-ன் முன் அச்சு மூன்று துண்டு. போல்ட்டைக் கழற்றி ஓரத் துண்டை இழுத்து அடுத்த துளையில் மாட்டலாம். அச்சு பின்னோக்கிச் சாய்ந்த வடிவம் என்றால் ஸ்டியரிங் கம்பிகளின் நீளத்தைத் தொட வேண்டியதில்லை. வண்டியின் மொத்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. நேரான அச்சு மாட்டியிருந்தால் கம்பியையும் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொள்ளுங்கள்.

வெல்டிங் செய்த வளையத்தைப் பற்றி: நான் அதைச் செய்து பார்த்த காலமும் உண்டு. ஒரு பருவம் தாங்கியது. அடுத்த பருவம் ஓட்டும்போதே கோடு விட்டு விரிசல் ஓடியது. இருக்கிற சக்கரத்துக்குள்ளேயே எட்டு அளவு கிடக்கும்போது ஒன்பதாவதை நாம் ஏன் செய்ய வேண்டும்? அதே நேரம் 72-ல் வைத்துக்கொண்டு டிரெய்லரில் பாரம் ஏற்றி ரோட்டில் ஓடாதீர்கள். சக்கரம் வெளியே போகப் போக அச்சுக்கும் பேரிங்குக்கும் வளைக்கும் பாரம் கூடும். களை உழவு முடிந்ததும் பழையபடி 52-க்கு வந்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள், அடுத்த நாள் காலையிலும் ஒரு தடவை. துருவும் பெயின்ட்டும் நசுங்கி இடம் விடும். முதல் இறுக்கு எப்போதும் பொய் இறுக்கு.

வீட்டு வாசல் கேட்டையும் அளந்துகொள்ளுங்கள். 72-ல் 11 அங்குல டயர் என்றால் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 83 அங்குலம், ஏழு அடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. எங்கள் கேட் சரியாக ஏழு அடி. இடது தூணில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.