சமூகப் பிரச்சினைகளைச் சிரிக்கவைத்து, கதையாகச் சொல்லும் ஓவியர் சிங்கப்பூரில் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். என்னைக் கேட்டால் முதலில் இப் இயூ சோங் பெயரைத்தான் சொல்வேன். சைனாடவுனில் சேகோ லேனில் வளர்ந்தவர், தானாகவே வரையக் கற்றவர். கணக்காளர் வேலை பார்த்துக்கொண்டே 2015-ல் எவர்ட்டன் ரோட்டில் சுவரோவியம் வரைய ஆரம்பித்தார். 2018-ல் வேலையை விட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கிவிட்டார்.

அவர் சுவரில் வரைகிற ஆட்கள் பெரும்பாலும் ஆளுயரம் இருப்பார்கள். வழியில் போகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. மளிகைக் கடைக்காரரிடம் பேரம் பேசுவதுபோலவும் தியோங் பாருவில் ஜோசியரிடம் கை நீட்டுவதுபோலவும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிரிப்பு அங்கே வருகிறது. சிரித்து முடித்ததும், 'இந்த ஆளெல்லாம் இப்போது எங்கே?' என்று கூட வந்த பிள்ளை கேட்கும். அதற்குப் பதில் சொல்லப் போனால் இடிபட்ட தெருக்களைப் பற்றியும் இடம் மாறிய குடும்பங்களைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

துணி துவைக்கும் 'ஆமா'வின் (அந்தக் காலத்து வீட்டுப் பணிப்பெண்) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் சீனாவிலிருந்து வந்த அந்தப் பெண்களில் பலர் கல்யாணமே செய்துகொள்ளாமல் அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்தவர்கள். இன்று நம் வீடுகளில் வேலை செய்யும் இந்தோனேசிய, மியன்மார் பெண்களின் முகம் எனக்கு அங்கே நினைவுக்கு வருகிறது.

சைனாடவுனில் கடிதம் எழுதிக்கொடுப்பவர் படம் எனக்கு இன்னும் நெருக்கம். என் தாத்தா ஊருக்குப் போட்ட கடிதங்களும் வேறொருவர் கையெழுத்தில்தான் இருந்தன என்று அப்பா சொல்வார்.

வெறும் பழைய நினைவுகள்தானே என்று சிலர் குறை சொல்வதில் நியாயம் உண்டு. இவர் யாரையும் சுருக்கென்று தைக்கும்படி விமர்சிப்பதில்லை. 2024-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் வேறொரு ஓவியர் வரைந்த, கையில் சிகரெட்டோடு இருக்கும் சம்சுய் பெண் (சீனாவிலிருந்து வந்து கட்டட வேலை செய்தவர்) படம் எழுப்பிய மாதிரி விவாதம் இவர் படங்களால் வராது. ஆனால் தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளையையும் ஒரே சுவர்முன் நிறுத்திப் பேசவைப்பது சின்ன வேலை இல்லை.

தொடங்குவதென்றால் அமோய் ஸ்ட்ரீட்டில், தியான் ஹொக் கெங் கோயிலின் பின்சுவருக்குப் போங்கள். தென் சீனாவின் ஹொக்கியன் மக்கள் கடல் கடந்து வந்த கதை 44 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அப்புறம் கோயிலின் முன்பக்கம், தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். சில அடி தூரத்தில் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் ஆட்கள் கட்டியது. அந்தக் கதையையும் அவர் ஒரு சுவரில் வரைய வேண்டும் என்பது என் ஆசை.