திருப்பூரில் பழகிய கைக்கு டொரொண்டோவில் என்ன வேலை இருக்கிறது?

ஐடிஐயில் ஒரு வருடம் ஃபேஷன் டிசைன் படித்து, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் மூன்று வருடம் இருந்துவிட்டு, கணவரோடு டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்திருக்கிறாய். வொர்க் பெர்மிட் கையில் இருக்கிறது, ஃபேஷன் டிசைனர் என்று தேடித் தேடி விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் வரவில்லை, மறுபடி இரண்டு வருடம் காலேஜ் போகத்தான் வேண்டுமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. முதலில் நீ தேடுகிற வேலையின் பெயரை மாற்று.

டிசைனர் என்ற பெயரில் இந்த ஊரில் வேலை விழுவதே கொஞ்சம்தான், அதற்கும் இங்கேயே படித்து இங்கேயே ஆள் பழக்கம் பிடித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீ தேட வேண்டியது சாம்பிள் மேக்கர், பேட்டர்ன் மேக்கர், கட்டர், ஃபிட்டர், ஆல்டரேஷன், அப்புறம் கொஞ்ச நாள் கழித்து, ஃபேக்டரிக்கு அளவும் தையல் விவரமும் எழுதிக் கொடுக்கிற டெக்னிக்கல் டிசைனர், ப்ராடக்ட் டெவலப்மென்ட். ஏன் என்று சொல்கிறேன். டவுன்டவுனில் ஸ்படைனா ரோட்டில் ரிச்மண்ட் சந்திப்புக்குப் போனால், பெரிய பெரிய பொத்தான்களை அடுக்கி, அதன் மேல் ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவோமே அந்தத் திம்பிளைக் கவிழ்த்தது போல ஒரு சிலை நிற்கும். அந்த ரோடு முழுக்க ஒரு காலத்தில் தையல் ஃபேக்டரிகள்தான். யூதக் குடும்பங்கள் வளர்த்த தொழில் அது. 2003இல் பங்களாதேஷ் போன்ற ஏழை நாடுகளின் துணிக்குக் கனடா வரியை எடுத்துவிட்டது, ஒரு நாடு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்று உலகம் முழுக்க இருந்த கோட்டா முறையும் 2005இல் முடிந்தது, ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த தொழிலில் மிச்சமிருந்த, மொத்தமாகத் தைத்துத் தள்ளும் வேலையிலும் பெரும்பகுதி போய்விட்டது. திருப்பூருக்கு, டாக்காவுக்கு, சீனாவுக்கு, வியட்நாமுக்கு. இங்கே தங்கியது வரைவது, சாம்பிள் எடுப்பது, ஃபிட் பார்ப்பது, சின்ன ஆர்டர்கள், கனடா கூஸ் மாதிரி டொரொண்டோ பக்கமும் வின்னிபெக்கிலும் தைக்கிற குளிர்கால ஜாக்கெட் வேலை, இவ்வளவுதான்.

இதில்தான் உனக்கு வழி இருக்கிறது. இங்கே உட்கார்ந்து டெக் பேக், அதாவது ஃபேக்டரிக்கு அனுப்புகிற அளவு, துணி, தையல் விவரத் தாள், எழுதுபவர்களில் பலர் ஒரு பனியன் கம்பெனிக்குள் காலே வைத்ததில்லை. நான் வேலை பார்த்த ஒரு சின்ன பிராண்டில் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஒன்று போட்டார்கள். கழுத்து அகலம், ரிப் உயரம் எல்லாம் அளவுப் பட்டியலில் சுத்தமாக இருந்தது, இழுத்தால் கழுத்து எவ்வளவு விரிய வேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஊரிலிருந்து வந்த சாம்பிள் மேஜை மேல் பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளையின் தலை உள்ளே போகவில்லை. அளவு எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி, அதனால் ஃபேக்டரி மேல் பழி போடவும் முடியாது. இதை ஒரு திருப்பூர் சாம்பிள் டெய்லர் பேப்பரைப் பார்த்ததுமே கேட்டிருப்பார். துணி கழுவினால் எவ்வளவு சுருங்கும், சிங்கிள் ஜெர்சி பனியன் துணி ஏன் முறுக்கிக்கொண்டு சைடு தையல் முன்னால் வருகிறது, ஃபிளாட்லாக் தையல் எந்த இடத்தில் வராது, எந்த மாற்றம் சொன்னால் ஃபேக்டரியில் ஒரு வாரம் தள்ளிப்போகும், இதெல்லாம் உனக்குத் தெரியும். ரெஸ்யூமேயில் இதை எழுது. நீ தைத்த சாம்பிள் எந்த நாட்டு பையருக்குப் போனது, என்ன துணி, என்ன மெஷின் ஓட்டுவாய் என்று எழுது. ஐடிஐ சான்றிதழை ஒரு வரியில் முடித்துவிடு. இந்தத் தொழிலுக்கு இங்கே லைசென்ஸ் எதுவும் கிடையாது, சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தரப்போவதும் இல்லை. போர்ட்ஃபோலியோவில் வரைந்த படங்களைக் குறைத்துவிட்டு, நீ தைத்ததை உள்பக்கம் திருப்பிப் போட்டு எடுத்த போட்டோக்களை வை. சீம், பாக்கெட், ஜிப் கிட்டத்தில் தெரிய வேண்டும். தையல் தெரிந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் மெஷினில் உட்காரவைத்துவிடுவார்கள். நீ நிட்டிங் துணியில் வளர்ந்த ஆள். இங்கே கோட்டு, லைனிங், ஃப்யூஸிங் என்கிற ஒட்டுத் துணி, வழுக்குகிற துணியில் மறைவு ஜிப், இதையெல்லாம் கேட்பார்கள். அதற்கு ஒரு ஆல்டரேஷன் கடையில் ஒரு வருடம் இருப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. பேன்ட் மடிக்கிற வேலைதானே என்று நினைக்காதே. கோட்டின் கையைக் குறைக்க லைனிங்கைப் பிரிக்கும்போதுதான் அந்தக் கோட்டு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும், எத்தனை விதமான உடம்புகள் உன் முன்னால் வந்து நிற்கும் என்பதும் அங்கேதான் தெரியும். இந்த ஊர் அனுபவம் இல்லையே என்ற பயமும் அதோடு போய்விடும். 2026 ஜனவரி 1 முதல் நம் ஒண்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விளம்பரத்தில் கேட்காவிட்டாலும் மனதில் கேட்பார்கள், அதனால் இந்த ஊர் அனுபவம் கையில் ஒன்று இருப்பது நல்லது.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. யாராவது, நம் ஆட்களே கூட, வீட்டு பேஸ்மென்ட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கக் கூப்பிடுவார்கள். ஊரில் பீஸ் ரேட் பழகியதால் அது இயல்பாகத் தோன்றும், கையில் காசாகத் தருவதால் நிம்மதியாகவும் இருக்கும். ஒண்டாரியோ சட்டப்படி பீஸ் கணக்கில் கொடுத்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. முதலாளிக்காக உன் வீட்டிலேயே உட்கார்ந்து தைத்தால் அதற்கு இன்னும் பத்து சதவீதம் கூடுதல். 2025 அக்டோபரிலிருந்து பொதுக் கூலி மணிக்கு 17.60 டாலர், வீட்டில் தைப்பவருக்கு 19.35. நீ சொந்தமாகத் தொழில் செய்கிறாய் என்று பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு இதைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதிவை. கூலி பாக்கி இருந்தால் தொழிலாளர் அமைச்சகத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பணத்தை விடு, பே ஸ்டப் என்கிற சம்பளச் சீட்டு இல்லாத வேலையை நாளைக்கு எந்தக் கம்பெனியிலும் அனுபவமாகக் காட்ட முடியாது. நல்ல கைவேலைக்காரப் பெண்கள் பல வருடம் அப்படியே பேஸ்மென்ட்டுக்குள் முடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஆறவே இல்லை.

படிப்பு விஷயம். ஜார்ஜ் பிரவுன் காலேஜில் இரண்டு வருட டிப்ளமோ நல்ல படிப்புதான், ஆனால் உன் பெர்மிட்டுக்கு வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் கட்டச் சொன்னால் அந்தத் தொகைக்கு அது தகாது. பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி, வந்த பிறகு யோசிக்கலாம். ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் வேண்டியதில்லை, அங்கேயே மாலை நேரத்தில் தனித்தனிப் பாடங்களாகவும் எடுக்கலாம். முதலில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடக் கற்றுக்கொள். கெர்பர், லெக்ட்ரா, 3டிக்கு க்ளோ என்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஊரில் கம்ப்யூட்டர் பேட்டர்ன் போடுகிற கேட் (CAD) ரூமில் பார்த்திருப்பாய், தொட விட்டிருக்கமாட்டார்கள். அப்புறம் இல்லஸ்ட்ரேட்டர், எக்செல். சாம்பிள் ரூமிலிருந்து டெக்னிக்கல் டிசைனர் நாற்காலிக்குப் போவதற்கு இவைதான் வழி, ஆங்கிலம் ஈமெயில் எழுதுகிற அளவுக்கு வந்தால் போதும்.

சினிமா, நாடக காஸ்ட்யூம் வேலையும் இருக்கிறது, ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழாவுக்கு உடையெல்லாம் அவர்களே தைக்கிறார்கள். அது யூனியன், சீசன் என்று தனி உலகம், பிறகு பார்க்கலாம்.

பிளவுஸ் தைத்துக் கொடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். தாராளமாகச் செய், கோடையில் கல்யாண சீசனில் ஆள் வந்துகொண்டே இருக்கும். விலையை மட்டும் ஊர்க் கணக்கில் சொல்லிவிடாதே, ஒருமுறை சொன்னால் ஏற்ற முடியாது. அட்வான்ஸ் வாங்காமல் ஆரி வேலையில் கை வைக்காதே. பில் போடு, வருமானத்தை வரியில் காட்டு, வரவு வருடத்துக்கு 30,000 டாலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. என்கிற விற்பனை வரிக்குப் பதிவு வேண்டும். ரெடிமேடாகத் தைத்து விற்கத் தொடங்கினால் துணி என்ன இழை என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லேபிள் வைக்க வேண்டும்.

ஊரிலிருந்து ஜூகி தையல் மெஷினை அனுப்பச் சொல்லவா என்றாயே, வேண்டவே வேண்டாம். அங்கே 230 வோல்ட், இங்கே வீட்டில் 120, மோட்டார் ஓடாது, அனுப்புகிற செலவுக்கு இங்கேயே பழைய மெஷின் ஸ்டாண்டோடு கிடைக்கும். அப்பார்ட்மென்ட் என்பதால் சத்தம் குறைவான சர்வோ மோட்டார் உள்ளதாகப் பார், க்ளட்ச் மோட்டார் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வாங்கப் போகும்போது ஒரு துண்டு டெனிமும் ஒரு துண்டு ஜார்ஜெட்டும் எடுத்துப் போய் இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.